இருநூற்றுப் பதினான்காவது விருப்பம்

என் மனைவி ஆஸ்பத்திரியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிரசவ நேரத்தில் நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்கள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்காக ஒரு தனிப் பிரிவையே தொடங்கி, ஆறு பேரை வேலைக்கு வைத்துவிட்டார்கள்.

முதல் பெண் பிறந்தது ஆறு வருடத்துக்கு முன்னால், இதே ஆஸ்பத்திரியில். அப்போதெல்லாம் ஆண்களுக்கு மாடிப்படி வரைக்கும்தான் அனுமதி. நான் படிக்கட்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மேலே அவள் ஏழு மணி நேரம் தனியாகக் கிடந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. யாரையாவது கூப்பிட்டால், "எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும்" என்று தூரத்திலிருந்து ஒரு குரல் வருமாம். அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். எப்போதாவது, "நான் செத்திருந்தாக்கூட, வார்டு கூட்ட வர்றவங்கதான் முதல்ல பாத்திருப்பாங்க" என்பாள். சொல்லிவிட்டு எழுந்து போய் வேறு வேலை பார்ப்பாள்.

அவளுக்கு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, கடைசியில் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். தன் வாழ்க்கையில் அவள் எழுதிய புகார் ஒன்றுதான். நாலே வரி. வலி நேரத்தில் வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் இருக்க விடுங்கள் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். பதில் வரவில்லை. இரண்டாவது உண்டாகி ஐந்தாம் மாதச் சோதனைக்குப் போனபோதுதான் பதிலைப் பார்த்தோம். மூன்றாவது மாடியில் பெரிய போர்டாக மாட்டியிருந்தார்கள்: 'தாய்மார் விருப்பத் திட்டப் பிரிவு'.

நான் ஏ.சி. மெக்கானிக். எந்த அறைக்குள் போனாலும் கண் முதலில் சுவரின் மேல்பக்கம்தான் போகும். அந்தப் பிரிவில் இரண்டு ஏ.சி., பதினெட்டு டிகிரியில், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரசவ அறை. அங்கே ஒரு மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. விசாரித்ததில், முன்பு பிரசவ அறையாக இருந்ததில் பாதியைத் தடுத்துத்தான் இந்தப் பிரிவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்று தெரிந்தது. தாய்மார்களுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற அக்கறையாம்.

கவுன்ட்டரில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு பக்கம், இருநூற்றுப் பதினான்கு கேள்வி. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். திரைச்சீலை என்ன நிறத்தில் வேண்டும்? டாக்டர் தங்களை எப்படி அழைக்க வேண்டும்? வலியின்போது எத்தனை முறை கத்த உத்தேசம்? பத்துக்கு மேல் என்றால் தனித்தாள் இணைக்கவும். வரப்போகும் வலியை ஐம்பது சொற்களுக்கு மிகாமல் வர்ணிக்கவும். இருபத்தெட்டாம் பக்கம் முழுக்கக் குழந்தையின் விருப்பங்கள். அதன் அடியில் குழந்தையின் கையெழுத்து என்று ஒரு கோடு. கையெழுத்திட இயலாத நிலையில் இருந்தால் காரணம் எழுத வேண்டும்.

"என்ன காரணம் எழுதறது?" என்றேன்.

"இன்னும் பொறக்கலன்னு எழுதுங்க" என்றாள் அவள்.

எழுதினேன். அவள் மற்ற எதையும் நிரப்பவில்லை. நேராகக் கடைசிக்குப் போனாள். இருநூற்றுப் பதினான்கு, 'பிற விருப்பங்கள்'. அதில் 'என் கணவர் பக்கத்தில் இருக்க வேண்டும்' என்று எழுதிப் புத்தகத்தை மூடினாள்.

மறுவாரம் புத்தகம் திரும்பி வந்தது. காலியிடம் விடக் கூடாதாம். தவிர, 'பக்கத்தில்' என்றால் இடப்பக்கமா, வலப்பக்கமா, எத்தனை சென்டிமீட்டர் என்று குறிப்பிட வேண்டுமாம். அவள் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'தொடுற தூரம்' என்று எழுதினாள். மீதி இருநூற்றுப் பதின்மூன்றையும் நான் நிரப்பினேன். திரைச்சீலைக்குப் பச்சை. கத்துவதற்கு எட்டு.

வேறு ஆஸ்பத்திரி பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வட்டாரத்துக்கு இருப்பது இது ஒன்றுதான்.

ஏழாம் மாதத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திட்ட அலுவலர் எழுந்து நின்று எங்களை வரவேற்றார். சட்டையில் மட்டும் அல்ல, பேச்சிலும் ஒரு சுருக்கம் கிடையாது. வெளியே வருவதற்குள் என் மனைவி அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"இந்தப் பிரிவு வர்றதுக்கு முன்னாடி இங்க குழந்தைங்க அதுபாட்டுக்குப் பொறந்துக்கிட்டு இருந்துச்சுங்க" என்று ஆரம்பித்தார் இஸ்திரி. "ஒரு ஒழுங்கு கிடையாது. யாருக்கு என்ன வேணும்னு யாரும் கேட்டது இல்ல. இப்ப பாருங்க, போன வருஷம் நாநூறு திட்டம் போட்டோம். நாநூறும் நூறு சதவீதம் நிறைவேறியிருக்கு."

"நாநூறு பேருக்கும் நல்லபடியா பிரசவம் ஆச்சா சார்?" என்று கேட்டேன்.

"அது டாக்டருங்ககிட்ட கேக்கணும். நாங்க திட்டத்தை மட்டும்தான் பாக்கறோம்."

பிறகு அவர் என் மனைவியின் பக்கம் திரும்பி, வலி எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.

"அது எப்படி சார் இப்பவே சொல்றது?"

"உத்தேசமாச் சொல்லுங்கம்மா, போதும். ஆனா அப்புறம் மாத்தக் கூடாது. பத்து மணியிலேருந்து நாலு மணிக்குள்ள இருந்தா எங்களுக்கும் சௌகரியம்."

அவள் 'பகலில்' என்று எழுதிக் கொடுத்தாள். வயிற்றுக்குள்ளிருந்து அதைக் கேட்டதோ என்னவோ, அந்த ஒரு விருப்பத்தை மட்டும் பின்னால் குழந்தை ஆஸ்பத்திரியின் உதவி இல்லாமலே நிறைவேற்றி வைத்தது.

"கடைசி விருப்பத்தைப் பத்திச் சொல்லுங்க சார்" என்றாள். "இவரு கூட இருக்கலாம்ல?"

"தாராளமா இருக்கலாம். அது உங்க உரிமை. உங்க உரிமைக்கு இவர் தகுதியானவரான்னு மட்டும் நாங்க பாக்கணும்."

தகுதி பார்க்க ஆறு வகுப்பு. எனக்குச் சனிக்கிழமை தோறும் ஒரு வகுப்பு. என்னோடு சேர்ந்து பத்துக் கணவன்மார்கள், ஒரு மாமியார். மேஜைமேல் வரிசையாக ரப்பர் கைகள் இருந்தன. அவற்றைப் பிடிக்க வேண்டும். பிடிக்கும் அழுத்தத்தை ஒரு முள் காட்டும். மாமியார் முதல் தடவையிலேயே முள்ளை உடைத்துவிட்டார். என் முள் சரியாகத்தான் நின்றது. ஆனால் ஸ்பானரும் செம்புக்குழாயும் பிடித்துக் காய்ப்பேறிய கை. 'உராய்வு அதிகம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மாதம் தேங்காய் எண்ணெய் தடவினேன். கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கி விழுந்தது.

நாலாவது வகுப்பு, ஆறுதல் சொல்வது. அதற்குப் பதினோரு வாக்கியங்களுக்கு மட்டும் அனுமதி இருந்தது. 'இன்னும் கொஞ்ச நேரம்தான்' என்று சொல்லக் கூடாது, அது மருத்துவக் கணிப்பு. 'பயப்படாதே' சொல்லக் கூடாது, அது பயத்துக்கு அவளுக்குள்ள உரிமையில் தலையிடுவது. 'பரவாயில்ல' சொன்னால் நேரே வெளியேற்றம். எனக்குத் தெரிந்த ஆறுதலே இந்த மூன்றும்தான்.

வீட்டில் சமையலறையில் நின்று அந்தப் பதினொன்றையும் உருப்போட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. வந்து நின்னாப் போதும்" என்றாள். அப்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, இந்த ஆறு வகுப்புக்குப் பதிலாக அறுபது என்றாலும் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. தேறிவிட்டேன். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள்: 'அங்கீகரிக்கப்பட்ட துணையாள்'.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் ஒத்திகை. கீழே கூட்ட அரங்கில் ஒரு கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். இஸ்திரி, நடப்பதைக் குறித்துக்கொள்ளும் குறிப்பாளர் அம்மா, எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்கும் பார்வையாளர் ஒருவர், எல்லோரும் கையில் புத்தகத்தோடு நின்றார்கள். முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கும் பெரிய சிஸ்டர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் திட்டப் பிரிவைச் சேர்ந்தவர் இல்லை.

அவள் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு வலி வந்த மாதிரி நடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றார் இஸ்திரி. "பின்னாடி நிக்கிறவங்களுக்கும் தெரியணும்ல."

நான் இடப்பக்கம் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னேன். பெரிய சிஸ்டர் பொறுமை இழந்து, போர்வைக்கு அடியிலிருந்து ரப்பர் பொம்மையை எடுத்து என் மனைவியின் மார்பில் வைத்தார்.

"சிஸ்டர், குழந்தையைத் திருப்பி வைங்க" என்றார் இஸ்திரி. "பத்தொன்பதாம் பக்கம் இன்னும் முடியல."

சிஸ்டர் திருப்பி வைத்தார். ஒரு மணி பத்து நிமிடத்தில் குழந்தை முறைப்படி பிறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பொம்மையோடு எங்களை நிற்க வைத்து ஒரு போட்டோவும் எடுத்தார்கள்.

நிஜ வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். மூத்தவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி வீட்டிலிருந்து போன் செய்து, "பனிக்குடம் உடைஞ்சிருச்சுங்க" என்றாள். இறங்கியது எப்படி, ஓடியது எப்படி என்று எனக்கே தெரியாது. பெண்ணைக் கூட்டி வர அண்ணிக்குச் சொல்லிவிட்டு, என் மனைவியை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலி வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள், விட்டதும் என்னைப் பார்த்து, "அட்டை இருக்கா? அட்டையை எடுத்தீங்களா?" என்பாள். அட்டை என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடியில் எல்லாம் தயாராக இருந்தது. பச்சைத் திரை மாட்டியிருந்தார்கள். டாக்டரம்மா, நான் எழுதிக் கொடுத்தபடியே அவளைப் பெயர் சொல்லி, "வாங்க" என்று அழைத்தார். அவளை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள். பின்னாலேயே நானும் போனேன். வாசலில் இஸ்திரி கையை நீட்டி மறித்தார்.

"ஒரு நிமிஷம் சார். உள்ள எத்தனை பேருன்னு பாத்துடலாம்."

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அறையின் பரப்பளவு கருதி ஒரே நேரத்தில் ஏழு பேருக்கு மேல் அனுமதி இல்லை. அவர் விரலை மடக்கினார். டாக்டரம்மா ஒன்று. பெரிய சிஸ்டர் இரண்டு. ஆயா மூன்று. குறிப்பாளர் நான்கு. பார்வையாளர் ஐந்து. அவர் ஆறு. என் மனைவி ஏழு.

"நீங்க எட்டாவது ஆள் சார்" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

"சார், நீங்க மூணு பேர் உள்ள எதுக்கு?"

"உங்க மனைவியோட விருப்பமெல்லாம் நிறைவேறுதான்னு பாக்கறதுக்கு."

"அவ விருப்பமே நான் உள்ள இருக்கணும்கிறதுதான் சார்."

"அதே தான். நீங்க உள்ள இருக்கீங்களான்னு நாங்கதானே உள்ள இருந்து பாக்கணும்?"

ஒரு ஆளாவது வெளியே வாருங்கள், நான் போய்க்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் என் தோளில் கை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"நீங்க புரிஞ்சுக்கணும். சாட்சி இல்லாம நீங்க உள்ள நின்னா அது வெறுமனே நிக்கிறதுதான். நிறைவேறின விருப்பம் ஆகாது. நாளைக்கு யாராவது கேட்டா, நீங்க இருந்தீங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"அவளுக்குத் தெரியுமே சார்."

"அவங்க வலியில இருப்பாங்க. அவங்க சொல்றதை எப்படி எடுத்துக்க முடியும்?"

"குழந்தை வந்தா உள்ள எட்டு ஆகுதே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"குழந்தைக்கு முதல் அரை மணி நேரம் விலக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே காவலாளி ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே குறிப்பாளர் அம்மா எங்கள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிப்பது கேட்டது. நடுவில் பெரிய சிஸ்டர், "தள்ளி நில்லுங்கய்யா, கையை அசைக்க இடமில்ல" என்று கத்தினார். படிப்பது நிற்கவில்லை.

பிறகு அவள் கூப்பிட்டாள். "ஏங்க!"

முதலில், வீட்டில் கத்தரிக்கோலைக் காணோம் என்றால் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள். நான் இங்கேதான் எங்கோ இருக்கிறேன், இதோ வந்துவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது முறை கூப்பிட்டபோது குரல் மாறிவிட்டது. "ஏங்க, எங்க இருக்கீங்க? ஏங்க!" பார்வையாளர், "மூணு" என்றார். கத்துவதை எண்ணிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

நான் கதவைத் தள்ளினேன். காவலாளி என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. காதோடு சொன்னார்: "சார், வேணாம். அத்துமீறி யாராவது உள்ள வந்தா, டாக்டரம்மா செய்யற வேலையை நிறுத்திட்டு அறிக்கை எழுதணும். அதான் விதி. இந்த நேரத்துல நிறுத்தினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டாள் என்பது குறிப்பாளர் அம்மாவின் புத்தகத்தில் இருக்கும். என்னால் எண்ண முடியவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். நான் இத்தனை கையாலாகாதவனாக இதற்கு முன் இருந்ததே இல்லை.

கதவைச் சாத்தி ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்துக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. காவலாளி எழுந்து என் கையைக் குலுக்கினார். கதவு திறந்து இஸ்திரி வந்தார். சட்டை கொஞ்சம் கசங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

"வாழ்த்துகள் சார், பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இருநூத்துப் பதின்மூணு விருப்பம் அப்படியே நிறைவேறியிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி." ஒரு தாளை நீட்டினார். "இந்த இடத்துல ஒரு கையெழுத்து."

'பிரசவம் முழுவதும் நான் என் மனைவியின் பக்கத்தில், தொடும் தூரத்தில் இருந்தேன்' என்று அச்சடித்திருந்தது.

"நான் இல்லையே சார்."

"இல்லன்னும் எழுதலாம் சார். அது உங்க உரிமை. அப்படி எழுதினா குறை விசாரணை வைக்கணும். ஒரு நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்க அவங்களைப் பாக்க முடியாது. அவங்கதான் முக்கிய சாட்சி, நீங்க போய் அவங்க மனசைக் கலைக்கக் கூடாதுல்ல? இருந்தேன்னு எழுதிட்டா, இதோ, இப்பவே உள்ள போகலாம்."

கதவுக்குப் பின்னால் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவள் குரல் கேட்கவே இல்லை. நான் பேனாவை வாங்கினேன். அவள் பக்கத்தில் போவதற்காக, அவள் பக்கத்தில் இருந்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். இஸ்திரி அதைச் சரிபார்த்து, தேதி போடச் சொல்லி, என் கையைக் குலுக்கினார்.

"இதுவும் நூறு சதவீதம்" என்றார் குறிப்பாளர் அம்மாவிடம்.

உள்ளே பெரிய சிஸ்டர் தரையைப் பார்த்தபடி என்னைத் தாண்டி வெளியே போனார். என் மனைவி வெளிறிப்போய்க் கிடந்தாள். குழந்தை அவள் பக்கவாட்டில் துணிச்சுற்றில் இருந்தது. அவளுடைய இடது கட்டைவிரல் முழுக்க நீல மை.

"இது என்னம்மா?"

"கையெழுத்துப் போட்டுப் பாத்தேன். கை நடுங்குச்சு. பெருவிரல் வெச்சாப் போதும்னாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க பக்கத்துலயே இருந்தீங்கன்னு எழுதியிருந்துச்சு."

"ஏன் வெச்சே?"

"வெச்சாத்தான் உங்கள உள்ள விடுவேன்னாங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்லம்மா" என்றேன். "கேட்டிருந்தா வராம இருப்பேனா?"

அவள் தலையை அசைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது. அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.